நாலு வரி வருத்தம்

பேப்பர்ல ஏதாவது ஒரு மூலையில, ஏல அறிவிப்புக்கும் மூட்டுவலி விளம்பரத்துக்கும் நடுவுல, "வருந்துகிறோம்" அப்படின்னு ஒரு சின்னக் கட்டம் வரும். பார்த்திருக்கீங்களா? நானும் 2016 வரைக்கும் கவனிச்சதில்லை. அதுக்கப்புறம் எந்தப் பேப்பரை எடுத்தாலும் கண்ணு தானா அதைத்தான் தேடுது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்துடுங்க. :-)

2016ல நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். என் சித்தப்பா அப்போ ஒரு தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துல செயலாளர். உரம், பயிர்க்கடன், நகைக்கடன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரே அவர் டேபிள் முன்னாடிதான் நிக்கும். ஒருநாள் காலையில ஹாஸ்டல்ல பல் விளக்கிட்டு இருக்கேன், அம்மாகிட்ட இருந்து போன். "சித்தப்பா போட்டோ பேப்பர்ல வந்திருக்குடா"ன்னாங்க. கேடயம் கீடயம் வாங்கியிருப்பார் போலன்னு நினைச்சு "அப்படியா, சூப்பர்"னேன். அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க.

பக்கத்துத் தாலுகாவுல ஒரு சங்கத்துல நகைக்கடன் மோசடி. செயலாளரைக் கைது பண்ணியிருக்காங்க. அவருக்கும் சித்தப்பாவுக்கும் பேர் ஒண்ணு. இனிஷியல் வேற, ஊர் வேற, சங்கம் வேற. செய்தியில எழுதியிருந்தது எல்லாமே சரி. படம் மட்டும் எங்க சித்தப்பா படம். அதுவும் எந்தப் படம் தெரியுமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கூட்டுறவு வார விழாவுல கலெக்டர்கிட்ட கேடயம் வாங்கினப்போ அதே பேப்பர்ல வந்த படம். கலெக்டரை வெட்டிட்டு, சிரிச்ச முகத்தோட இவரை மட்டும் போட்டிருந்தாங்க. மேல தலைப்பு: "விவசாயிகளின் நகையைச் சுருட்டியவர் கைது".

அன்னைக்கு சங்கத்தைத் திறந்தவுடனே முதல்ல வந்தது ஒரு பாட்டி. கையில அடகு ரசீது. "தம்பி, எஞ் செயினை ஒருதடவை கண்ணுல காட்டிரு, போதும்"னு நின்னுச்சாம். சித்தப்பா ஒண்ணும் பேசலை. பெட்டகத்தைத் திறந்து, அந்தப் பொட்டலத்தை எடுத்து, பிரிச்சுக் காட்டி, திரும்ப மடிச்சு வச்சார். அன்னைக்கு மட்டும் பதினேழு பேருக்கு அப்படிக் காட்டினாராம். அதை அவர் கோவமா சொல்லலை. "பாவம், அவங்க பயம் அவங்களுக்கு"ன்னு சொன்னார்.

மறுநாள் நானும் அவரும் பேப்பரோட மாவட்ட ஆபீசுக்குப் போனோம். செய்தி அனுப்பின நிருபர் சின்னப் பையன். என்னைவிட நாலஞ்சு வயசு மூத்தவரா இருப்பார். சித்தப்பா முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிஞ்சுருச்சு. எழுந்து நின்னுட்டார்.

"சார், சத்தியமா நான் படமே அனுப்பலை. போலீஸ் குறிப்பு ராத்திரி பத்தரைக்கு வாட்ஸப்ல வந்துச்சு. அப்படியே அடிச்சு அனுப்பினேன். டெஸ்க்ல பேரைப் போட்டுத் தேடியிருப்பாங்க. உங்க படம் வந்திருக்கும். வச்சுட்டாங்க."

"சரி தம்பி. தப்புன்னு தெரிஞ்சு போச்சுல்ல. அதே இடத்துல, அதே மாதிரி போட்டுருங்க."

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துட்டு, "அது என் கையில இல்லை சார்"னார்.

நாலாவது நாள் திருத்தம் வந்துச்சு. முதல் செய்தி வந்தது மூணாம் பக்கம், மூணு காலம், படத்தோட. திருத்தம் வந்தது ஒன்பதாம் பக்கம், நாலு வரி. குறிப்பிட்ட தேதியில வெளியான செய்தியில படம் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறோம். அவ்வளவுதான். யாரோட படம்னு இல்லை. அந்தப் படத்துல இருந்தவருக்கும் மோசடிக்கும் சம்பந்தமில்லைன்னு இல்லை. முதல் செய்தியைப் படிக்காதவனுக்கு அது புரியாது. படிச்சவன் அன்னைக்கு ஒன்பதாம் பக்கம் போயிருக்க மாட்டான்.

*

இப்போ நான் பொட்டி தட்டுற வேலையில இருக்கேன். எங்க தொழில்ல முதல் வாரமே சொல்லித் தர்ற பாடம், ஆளோட பேரை வச்சு ஆளை அடையாளம் பிடிக்காதே. பேர் எப்பவும் பிரைமரி கீ ஆகாது. ஒரே பேர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. அந்த டெஸ்க்ல நடந்தது அதேதான். பேரைப் போட்டாங்க, முதல்ல வந்த படத்தை எடுத்தாங்க, பக்கத்தை முடிச்சாங்க. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யாரும் காசு வாங்கலை. பதினொரு மணிக்குப் பக்கம் போகணும், அவ்வளவுதான்.

ஊடக அறம்னு பேச ஆரம்பிச்சா நாம உடனே பெரிய விஷயங்களுக்குப் போயிடுறோம். காசு வாங்கிட்டு செய்தி போடுறது, கட்சி சேனல், முதலாளி யாரு, விளம்பரம் யார் கொடுக்கறா... அதெல்லாம் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு சாதாரண மனுஷனை ஒரு செய்தி கொல்றது பெரும்பாலும் சதியால இல்லை. ராத்திரி பத்தரை மணி அவசரத்தால. அதனால சுய ஒழுங்குமுறைன்னா என்னன்னு என்கிட்ட கேட்டா, ஒரே ஒரு அளவுகோல்தான் சொல்வேன்: தப்பு வந்த இடத்துலயே, தப்பு வந்த அளவுலயே திருத்தம் வருதா? இதை மட்டும் பாருங்க. மத்த விதிகள் எல்லாம் எழுதி பிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கறதுதான்.

இதே மாதிரி ஒரு தப்பு பெரிய இடத்துல நடந்து, நாடே பேசின கதை ஒண்ணு இருக்கு. 2008 செப்டம்பர். காஜியாபாத்ல நடந்த வருங்கால வைப்பு நிதி மோசடி பத்தி டைம்ஸ் நவ் சேனல்ல செய்தி. ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியோட படம் போடணும். கேட்கறதுக்குக் கொஞ்சம் ஒரே மாதிரி ஒலிக்கிற இன்னொரு பேர், பி.பி.சாவந்த். இவர் உச்ச நீதிமன்ற நீதிபதியா இருந்து ஓய்வு பெற்றவர். அவர் படம் திரையில வந்துடுச்சு. சுமார் 15 விநாடி. தப்புன்னு தெரிஞ்சதும் படத்தை எடுத்துட்டாங்க. ஆனா திருத்தமும் வருத்தமும் உடனே வரலை. அவர் நோட்டீஸ் அனுப்பின பிறகுதான் வந்துச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே சாவந்த் அதுக்கு முன்னாடி இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்குத் தலைவரா இருந்தவர். ஊடகங்களோட ஒழுக்கத்தைப் பத்தி வர்ற புகார்களை விசாரிக்கற நாற்காலியில வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்தவர். அவர் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலை. போகவும் முடியாது, டிவி அதோட வரம்புக்குள்ளயே வராது. அவர் நேரா புனே கோர்ட்டுக்குப் போனார். 2011 ஏப்ரல்ல தீர்ப்பு: 100 கோடி ரூபாய் நஷ்டஈடு. மேல்முறையீட்டை விசாரிக்கணும்னா 20 கோடி ரொக்கமா கட்டு, 80 கோடிக்கு பேங்க் கேரண்டி குடுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. உச்ச நீதிமன்றமும் அதுல தலையிட மாட்டேன்னுடுச்சு.

15 விநாடிக்கு 100 கோடி. அன்னைக்கு நிறைய பத்திரிகைக்காரங்க பதறினாங்க. நியாயமான பதற்றம்தான். இந்தத் தொகையை ஒரு சின்னப் பத்திரிகை மேல போட்டா மறுநாளே ஷட்டரை இறக்கிட்டுப் போக வேண்டியதுதான். ஆனா எனக்குத் தோணறது வேற. அன்னைக்கு ராத்திரியே அதே செய்தியில, அதே நேரத்துல, அதே ஆங்கர் வந்து "இவர் அவர் இல்லை, மன்னிச்சுக்கங்க"ன்னு 15 விநாடி சொல்லியிருந்தா இது கோர்ட்டு வரைக்கும் போயிருக்குமா? சந்தேகம்தான்.

சாவந்துக்கு சட்டம் தெரியும், வக்கீல் தெரியும். எங்க சித்தப்பாவுக்கு நாலு வரிதான் கிடைச்சுது.

*

சரி, நம்ம நாட்டுல இதுக்கெல்லாம் அமைப்பே இல்லையான்னு கேட்டா, இருக்கு. நான் சித்தப்பா விஷயத்துக்கு அப்புறம்தான் இதையெல்லாம் தேடிப் படிச்சேன்.

பிரஸ் கவுன்சில் 1966ல ஆரம்பிச்சது. எமர்ஜென்சி நேரத்துல அதைக் கலைச்சாங்க. அப்புறம் 1978ல புதுச் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டு வந்தாங்க. தலைவர், அதுபோக 28 உறுப்பினர்கள். அதுல 20 பேர் பத்திரிகைத் துறையில இருந்து. மிச்சம் அஞ்சு எம்.பி.க்கள், அப்புறம் பல்கலைக்கழக மானியக் குழு, பார் கவுன்சில், சாகித்ய அகாதெமி சார்பா ஆளுக்கொருத்தர். ஒரு பத்திரிகை தப்பு பண்ணா இவங்க என்ன செய்யலாம்? எச்சரிக்கலாம், கடிந்துகொள்ளலாம், கண்டனம் தெரிவிக்கலாம். முடிஞ்சது. அபராதம் கிடையாது. இதனாலதான் இதைப் பல்லில்லாத புலின்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க.

புகார் குடுக்கறதுக்கும் வழிமுறை இருக்கு. முதல்ல பத்திரிகை ஆசிரியருக்கு எழுதணும். அவர் சரி பண்ணலைன்னா கவுன்சிலுக்கு எழுதலாம். நாளிதழ்னா செய்தி வந்து ரெண்டு மாசத்துக்குள்ள. இந்த ரெண்டு மாசக் கணக்கு எங்களுக்குத் தெரிஞ்சப்போ மூணு மாசம் ஆயிடுச்சு. :-(

ஆனா ஒண்ணு சொல்லணும். பிரஸ் கவுன்சில் வெளியிட்டிருக்கற பத்திரிகையாளர் நடத்தை நெறிகளை உட்கார்ந்து படிச்சீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். ஒருத்தரைப் பாதிக்கற மாதிரி செய்தி போடறதுக்கு முன்னாடி சரிபார்க்கணும், அவர் தரப்பைக் கேட்கணும்னு இருக்கு. தப்புன்னு தெரிஞ்சா உடனடியா, உரிய முக்கியத்துவத்தோட திருத்தம் போடணும், பெரிய பிழைன்னா மன்னிப்போ வருத்தமோ சேர்த்துப் போடணும்னு தெளிவா இருக்கு. எல்லாமே இருக்கு. "உரிய முக்கியத்துவம்"ங்கறதுக்கு அர்த்தம் ஒன்பதாம் பக்கம் நாலு வரியான்னு முடிவு பண்றதுதான் அந்தந்த டெஸ்க்கோட கையில இருக்கு.

டிவிக்கு வேற கதை. 2007ல லைவ் இந்தியான்னு ஒரு சேனல், டெல்லியில ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை மாணவிகளைத் தப்பான தொழில்ல தள்றார்னு ரகசியக் கேமரா செய்தி போட்டுச்சு. கும்பல் பள்ளிக்கூடத்துக்கு வந்து அவங்களை அடிச்சு உடையைக் கிழிச்சுது. வேலையும் போச்சு. கடைசியில போலீஸ் விசாரணையில அந்தச் செய்தியே ஜோடிச்சதுன்னு தெரிஞ்சுது. அரசாங்கம் அந்தச் சேனலை ஒரு மாசம் நிறுத்தி வச்சுது. நாம சரி பண்ணிக்கலைன்னா சர்க்கார் உள்ள வந்துடும்னு சேனல்களுக்குப் பயம். 2008ல செய்திச் சேனல்கள் சேர்ந்து அவங்களே ஒரு ஆணையம் வச்சாங்க. ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா முதல் தலைவர். அதிகபட்ச அபராதம் 1 லட்சம் ரூபாய்.

1 லட்சம்! பிரைம் டைம்ல சில விளம்பரம் போட்டா வந்துடும். அந்த 1 லட்சத்தையும் 2009ல இந்தியா டிவிக்கு விதிச்சப்போ என்ன நடந்துச்சு? சேனல் கோவிச்சுக்கிட்டு சங்கத்தை விட்டே வெளிய போயிடுச்சு, அப்புறம் சமாதானமாகித் திரும்பி வந்துச்சு. சின்ன வயசுல கிரிக்கெட்ல அவுட் ஆனதும் பேட்டை எடுத்துட்டு வீட்டுக்குப் போவானே ஒருத்தன், அவன் ஞாபகம்தான் வருது. 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமே இந்தத் தொகை பத்தாது, நிகழ்ச்சியில சம்பாதிக்கற லாபத்துக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு சொல்லுச்சு.

*

இந்த இடத்துல வழக்கமா ஒரு குரல் வரும். "அப்போ அரசாங்கமே கடுமையா சட்டம் போட்டு உள்ள தூக்கிப் போட வேண்டியதுதானே பாஸ்?"

வேண்டாம் பாஸ். நம்ம ஊர்லயே பார்த்தாச்சு. 2016ல உச்ச நீதிமன்றத்துல குடுத்த பட்டியல்படி, அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல தமிழக அரசு போட்ட அவதூறு வழக்கு மட்டும் 200க்கு மேல. அதுல 50க்கு மேல ஊடகங்கள் மேல. விமர்சனம் பண்ணா வழக்கு. 2020 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகை ஆசிரியர்கள் மேல அரசு போட்டிருந்த பல அவதூறு வழக்குகளை ரத்து பண்ணுச்சு. அதுவரைக்கும் வருஷக்கணக்கா ஆசிரியர்கள் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. சர்க்கார் கையில பிரம்பைக் குடுத்தா அது பொய் எழுதினவனை அடிக்காது, உண்மை எழுதினவனைத்தான் முதல்ல அடிக்கும். என் சித்தப்பாவுக்கு நடந்த தப்புக்காக இன்னொரு பத்திரிகைக்காரன் ஜெயிலுக்குப் போறதுல எனக்கு சம்மதமில்லை. சித்தப்பாவுக்கும் இல்லை.

அதனாலதான் திரும்பத் திரும்ப செய்தி அறைக்கே வர்றேன். வேற யாரும் செய்ய முடியாத வேலை இது.

பெரிய பத்திரிகைகள் இதை எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பார்த்தா, ரெண்டு விதமான பாடமும் ஒரே இடத்துல கிடைக்குது. 2003ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு இளம் நிருபர் போகாத ஊருக்குப் போனதா எழுதியிருக்கார், அடுத்தவங்க செய்தியைத் திருடியிருக்கார்னு வெளிய வந்துச்சு. அந்தப் பத்திரிகை என்ன செஞ்சுது? அவங்க நிருபர்களையே வச்சுத் தோண்டி, 2003 மே 11 அன்னைக்கு முதல் பக்கத்துல ஆரம்பிச்சு உள்ள நாலு பக்கத்துக்கு, எந்தெந்தச் செய்தியில என்னென்ன பொய்னு வரிசையா போட்டாங்க. தலைமை ஆசிரியர் அடுத்த மாசம் ராஜினாமா பண்ணார். வாசகர் சார்பா பத்திரிகையையே கேள்வி கேட்கறதுக்குன்னு ஒரு பதவியை உருவாக்கினாங்க.

இதுதான்டா பத்திரிகைன்னு கைதட்டத் தோணுதுல்ல? இருங்க.

அடுத்த வருஷம், 2004 மே 26. இராக்குல பேரழிவு ஆயுதம் இருக்குன்னு போருக்கு முன்னாடி அதே பத்திரிகை போட்ட செய்திகள் பல தப்புன்னு ஒரு ஆசிரியர் குறிப்பு வந்துச்சு. அந்தச் செய்திகளை முன்னாடி பெருசா போட்டோம், அதைச் சந்தேகப்பட்டு வந்த செய்திகளை உள்ள புதைச்சோம்னு அதுலயே ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்தக் குறிப்பு வந்தது எங்க? பத்தாம் பக்கத்துல!

சின்ன நிருபர் பண்ண தப்புக்கு முதல் பக்கம். ஒரு போருக்குத் துணை போன தப்புக்குப் பத்தாம் பக்கம். அந்த வாசகர் பதவியையும் 2017ல எடுத்துட்டாங்க. திருத்தம் எந்தப் பக்கத்துல வருதுங்கறதுலதான் ஒரு பத்திரிகை யாருக்குப் பயப்படுதுன்னு தெரியும்னு நான் சொல்றது இதனாலதான்.

நம்ம பக்கத்துல தி இந்து 2006ல வாசகர் ஆசிரியர்னு ஒரு பதவியைக் கொண்டு வந்துச்சு. கே.நாராயணன் முதல்ல அதுல இருந்தார். பிழை திருத்தங்களுக்குன்னு தினமும் ஒரு பகுதி. எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்தத் தலைப்பு, அதுல என்ன தப்பு, சரி எதுன்னு போடுவாங்க. ஒரு எழுத்துப்பிழையில இருந்து கிரிக்கெட் ஸ்கோர் வரைக்கும். "தினமும் தப்பை ஒத்துக்கிட்டா வாசகன் நம்ப மாட்டான்"னு சொல்ற ஆசிரியர்களுக்கு இதுதான் பதில். அந்தத் திருத்தங்களைப் படிச்சுட்டு, இவ்வளவு சின்னத் தப்பைக்கூட ஒத்துக்கறாங்களேன்னு மிச்ச செய்தியை இன்னும் கொஞ்சம் நம்பினவன் நான்.

*

இணையம் வந்த பிறகு இன்னொரு வியாதி சேர்ந்திருக்கு. சித்தப்பா செய்தி அந்தப் பத்திரிகையோட இணையதளத்துலயும் வந்துச்சு. நாங்க போய்ச் சொன்ன அன்னைக்கே படத்தை எடுத்துட்டாங்க. எடுத்துட்டு ஒரு வரி எழுதலை. தப்பே நடக்காத மாதிரி சுத்தமா இருந்துச்சு பக்கம். ஆனா அதுக்குள்ள வாட்ஸப்ல ஸ்கிரீன்ஷாட் சுத்திடுச்சு. யாராவது "இது நெசமா?"ன்னு போய்ப் பார்த்தா, படம் இல்லாத செய்தி இருக்கும். படத்தை ஏன் எடுத்தாங்கன்னு இருக்காது. "ஆளுங்கட்சி ஆளு போல, படத்தை எடுக்க வச்சுட்டாரு"ன்னு ஊர்ல ஒருத்தர் சொன்னாராம். சத்தமில்லாம சரி பண்றது, சரி பண்ணாததைவிட மோசமாப் போச்சு.

எங்க வேலையில புரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா, சரி பண்ணதோட விட மாட்டாங்க. என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, அடுத்த தடவை நடக்காம இருக்க எதை மாத்தறோம்னு உட்கார்ந்து எழுதணும். யார் பண்ணான்னு கேட்க மாட்டாங்க, எந்தச் சோதனை இல்லாததால இது தாண்டி வந்துச்சுன்னு கேட்பாங்க. ஒரு வரி மாத்தினாலும் யார், எப்போ, எதுக்காகன்னு பதிவு இருக்கும். நாலு பேர் பார்க்கற ஒரு பட்டனுக்கே இவ்வளவு. ஒரு மனுஷனோட முகத்துக்கு ஒண்ணும் கிடையாதா?

செய்தி அறையில வேலை பார்க்கற நண்பர்கள் சில பேர் இதைப் படிக்கறீங்கன்னு தெரியும். உங்க சம்பளம், உங்க நேரம், ஒரே ஆள் மூணு பக்கம் பார்க்கற கஷ்டம் எல்லாம் நீங்க சொல்லிக் கேட்டிருக்கேன். அதனால காசு செலவில்லாத நாலு விஷயம் மட்டும் கேட்கறேன்.

1. கைது, மோசடி, வன்முறைன்னு ஒருத்தர் பேர் வர்ற செய்தியில, பழைய கோப்புல இருந்து படம் எடுத்தா, பேர் தவிர இன்னொரு அடையாளம் பொருந்துதான்னு பாருங்க. ஊர், வயசு, இனிஷியல், ஏதாவது ஒண்ணு. பொருந்தலைன்னா படம் இல்லாமலே செய்தி போகட்டும். படம் இல்லாததால எவனும் பேப்பரை நிறுத்த மாட்டான்.

2. போலீஸ் குறிப்புங்கறது போலீஸ் சொல்றது. "சுருட்டியவர்"னு தீர்ப்பு எழுத கோர்ட்டு இருக்கு. "சுருட்டியதாகப் புகார்"னு போட ரெண்டு வார்த்தைதான் கூட. அந்த இன்னொரு செயலாளர் இருக்காரே, நிஜமாவே கைதானவர், அவருக்கும் இது பொருந்தும். அவரும் அன்னைக்கு வெறும் குற்றம் சாட்டப்பட்டவர்தான். எங்க வீட்டுல அன்னைக்கு யாரும் அவரைப் பத்தி யோசிக்கலை, நான் உட்பட.

3. திருத்தம் அதே பக்கத்துல. அதே அளவு முடியலைன்னா பாதி அளவாவது. யாருக்கு என்ன தப்பு நடந்துச்சுன்னு முழுசா. தப்பா படம் போட்டிருந்தா, பாதிக்கப்பட்டவர் சம்மதிச்சா, சரியான விவரத்தோட அந்தப் படமும்.

4. இணையத்துல மாத்தினா, அடியிலயோ மேலயோ, எப்போ எதை மாத்தினோம்னு ஒரு வரி.

இதுக்கு சட்டம் வேண்டாம், ஆணையம் வேண்டாம், டெல்லி வேண்டாம். ஒரு செய்தி ஆசிரியர் நாளைக்கு ராத்திரியில இருந்து செய்யலாம்.

நாம மட்டும் யோக்கியமான்னு கேட்காதீங்க. இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின ஒரு பதிவுல ஒரு தகவல் தப்பா இருந்துச்சு. ஒருத்தர் பின்னூட்டத்துல சுட்டிக் காட்டினார். நான் என்ன பண்ணேன்? பதிவைச் சத்தமில்லாம மாத்திட்டு, அவர் பின்னூட்டத்தையும் தூக்கிட்டேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தப்போதான் அது ஞாபகம் வந்து உறுத்துச்சு. நேத்து அந்தப் பதிவுக்குப் போய் தலைப்புக்குக் கீழயே திருத்தம் போட்டிருக்கேன். அந்த நண்பர் இன்னும் இந்தப் பக்கம் வர்றாரான்னு தெரியலை. வந்தா, மன்னிச்சுக்குங்க சார்.

*

சித்தப்பா இப்போ ஓய்வு பெற்றுட்டார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ ஏதோ கேஸ் புத்தகம் தேட அவர் பீரோவைத் திறந்தேன். கேடயத்துக்குப் பக்கத்துல அந்த நாலு வரி. 2016லயே வெட்டி எடுத்து லேமினேட் பண்ணி வச்சிருந்தார். ரொம்ப நாள் சங்கத்து டேபிள் டிராயர்லதான் இருந்துச்சு. யாராவது ஒரு மாதிரி பார்த்தா எடுத்துக் காட்டுவார்.

"இன்னும் எதுக்கு சித்தப்பா இதை வச்சிருக்கீங்க, எல்லாரும் மறந்துருப்பாங்க"ன்னேன்.

"முதல் நாள் பேப்பரைப் பார்த்துட்டு, நாலாம் நாள் பேப்பரைப் பார்க்காதவன் எங்கயாவது ஒருத்தன் இருப்பான்டா"ன்னார்.

டிஸ்கி: இந்தப் பதிவுல வருஷமோ தொகையோ ஏதாவது தப்பா இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடியில ஒளிச்சு வைக்காம, தலைப்புக்குக் கீழயே போடறேன். பின்னூட்டத்தையும் தூக்க மாட்டேன். :-)